இருக்கு, இருக்கும்

லோரியைப் பின்பக்கமாக நகர்த்துவதற்குப் பேராக்கில் ஒரே சொல்தான். கோஸ்தான். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் அதுதான். புனிதா லோரி ஓட்டப் பழகிய முதல் வாரத்தில், முன்னால் போவதைப் பற்றி அவள் கணவன் தர்மா அதிகம் பேசவில்லை.

"முன்னுக்குப் போறதை ரோடே சொல்லிக் குடுத்துரும். கோஸ்தான் போடறதைத்தான் ஆளு சொல்லிக் குடுக்கணும்" என்றான்.

ஈப்போவின் புந்தோங்கில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் இரண்டு மண்ணெண்ணெய் டின்களை நட்டுவைத்து அவளைப் பழக்கினான்.

"நான் பின்னாடி நின்னு வா, வான்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். என் குரல் கேக்கற வரைக்கும் வா. குரல் நின்னுச்சுன்னா பிரேக்கு. நில்லுன்னு சொல்வேன்னு காத்துக்கிட்டு இருக்காத."

"ஏன், நில்லுன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

"வழுக்கி விழுந்துட்டேன்னு வச்சிக்க. இல்ல, லோரி என்மேலேயே ஏற வருதுன்னு வச்சிக்க. அப்ப எந்த வாயால நில்லுன்னு சொல்றது? சத்தம் இல்லைன்னாலே நில்லு. கெலிண்டான் வேலைன்னா அதான்."

லோரியில் டிரைவரோடு போய்ச் சாமான் ஏற்றி இறக்கி, பின்னால் நின்று வழி சொல்கிறவன் கெலிண்டான். தர்மா பத்தொன்பது வயதில் அப்படித்தான் தொடங்கினான். பிறகு இருபத்தைந்து வருடம் சொந்தமாக ஓட்டினான். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி வந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, கண்ணைச் சோதித்த டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் லோரிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் லோரிச் சாவியைக் கொண்டுவந்து, துணிக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புனிதாவின் கையில் வைத்தான்.

அப்படித்தான் நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்து அவள் டிரைவர் ஆனாள். அவன் மறுபடி கெலிண்டான் ஆனான். முதலாளியைத் தவ்கே என்கிற சந்தையில் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. பெண்டாட்டி தவ்கே, புருஷன் கெலிண்டானா என்று கேட்பார்கள்.

"வீட்டுல இருபது வருஷமா அப்படித்தான்லா. லோரிக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு" என்று தர்மா சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்குவான்.

செவ்வாயும் வெள்ளியும் பீடோர் பக்கத்திலிருந்து ஈப்போ மொத்தச் சந்தைக்குக் கொய்யா ஏற்ற வேண்டும். ஒரு காலத்தில் கித்தா என்கிற ரப்பர் மரம் நின்ற தோட்டம் அது. இப்போது கொய்யா. பாலை நிறுத்து ஊற்றிய பழைய கொட்டகையில்தான் பழத்தைப் பொறுக்கிக் கூடையில் அடுக்குகிறார்கள். கொட்டகைக்கு முன்னால் பாரிட் என்கிற ஆழமான வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. அதன்மேல் இரும்புத் தகடு போட்ட ஒரு பாலம். லோரியின் அகலம் போக இருபுறமும் ஒரு சாண் மிஞ்சும். உள்ளே திருப்ப இடம் கிடையாது. அதனால் மேட்டிலிருந்தே கோஸ்தான் போட்டு, பாலத்தைத் தாண்டி, கொட்டகை வாசல் வரை எழுபதடி பின்னாலேயே போக வேண்டும்.

பாலத்தின் விளிம்பு பக்கக் கண்ணாடியில் தெரியாது. ஆரம்பத்தில் புனிதா கழுத்தை ஒடித்து ஒடித்துப் பார்ப்பாள். ஒரு வருடத்தில் அதை விட்டுவிட்டாள். கண்ணை முன்னால் எங்கோ ஒரு கொய்யா மரத்தில் வைத்துவிட்டு, காதை மட்டும் பின்னால் விட்டுவிடுவாள். வா, வா, வா. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே சக்கரம் தகட்டில் ஏறும், இறங்கும்.

கணவனை எல்லாவற்றிலும் நம்புகிற மனைவி என்று அவள் தன்னைச் சொல்லிக்கொள்ள மாட்டாள். பத்து நிமிடம் என்று போனால் ஒரு மணி நேரம் ஆகும். டீயில் சீனி போடவில்லை என்று சத்தியம் செய்வான், டம்ளரின் அடியில் சீனி இருக்கும். அதெல்லாம் கல்யாணமான ஆறு மாதத்திலேயே பழகிப்போனது. ஆனால் அந்த 'வா' வேறு. அதை அவள் சோதித்துப் பார்த்ததில்லை. சோதிக்கத் தோன்றியதுமில்லை.

கொஞ்ச மாதங்களாகக் குரல் அடிக்கடி நின்றது. வா, வா என்று வரும், அப்புறம் ஒன்றும் இருக்காது. பிரேக்கை மிதித்துக்கொண்டு அவள் காத்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'வா' வரும். ஐந்து நிமிட வேலை கால்மணி நேரம் ஆனது.

"என்னங்க, பாட்டுல பாதி மறந்துட்ட மாதிரி நிக்கிறீங்க. பின்னாடி லோரிக்காரன் ஏசறான்" என்று அவள் சலித்துக்கொண்டாள்.

"நிதானமா வந்தா பாரிட்டு ஒண்ணும் ஓடிறாது" என்றான் அவன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குரல் நிற்கவில்லை. வா, வா என்று சொல்லிக்கொண்டே இருந்தபோது லோரியின் பின்புறம் எதிலோ மோதி, கடகடவென்று ஏதோ சரிந்தது. இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தாள். கொட்டகை வாசலில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. கொய்யா உருண்டு பாரிட்டில் விழுந்துகொண்டிருந்தது.

கொய்யாவைப் பற்றி அவள் நினைக்கவில்லை. கூடைகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாயும், பாதி சாப்பிட்ட சோற்றுப் பொட்டலமும் கிடந்தன. பழம் பொறுக்குகிற இரண்டு பெண்கள் சற்று முன்புதான் கை கழுவ எழுந்து போயிருந்தார்கள்.

"வெயில் கண்ணுல அடிச்சிருச்சு" என்றான் தர்மா.

தோட்டத்து மேஸ்திரி தீபன் நல்ல பையன். பரவாயில்லை அண்ணே, பழம்தானே என்றான். புனிதாவும் சரி என்றுதான் கேட்டுக்கொண்டாள். திரும்பும் வழியில் தாப்பா ஊரைத் தாண்டி வரும்போதுதான், காலையிலிருந்து தான் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டுவது ஞாபகம் வந்தது. வானம் சாம்பல் பூசியதுபோல் மூடியிருந்தது. அன்று வெயிலே அடிக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை மாவு வாங்கக் கடைக்குப் போனவளை இருளாயி அக்கா பிடித்துக்கொண்டாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். ஆஸ்பத்திரி கெண்டீனில் மேசை துடைக்கிற வேலை.

"உன் வீட்டுக்காரரு மாதிரி ஒரு சாதுவைப் பார்க்க முடியாதுலா. வந்தாருன்னா காலையிலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும் ஒரே மேசைதான். துடைக்கணும்னா கையைத் தூக்கிக்குவாரு, அவ்ளோதான்."

"டாக்டரு கூப்பிடற வரைக்கும் உட்காந்திருப்பாரு அக்கா."

"எங்கேர்ந்து? நம்பரே எடுக்க மாட்டாரு. பேப்பரை மூக்குல ஒட்டிக்கிட்டு உட்காந்திருப்பாரு. போன தடவை தலைகீழா பிடிச்சிருந்தாரு. நான்தான் திருப்பிக் குடுத்தேன்." இருளாயி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

புனிதாவும் சிரித்தாள். மாவை வாங்கிக்கொண்டு மிச்சக் காசை வாங்காமலே நடந்துவிட்டாள்.

தர்மாவுக்கு நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கண் கிளினிக். ஆஸ்பத்திரி வாசலில் அவனை இறக்கிவிட்டுச் சந்தைக்குப் போவாள், மத்தியானம் வந்து ஏற்றிக்கொள்வாள். போன மூன்று தடவையும் அவன் சொன்னதெல்லாம் அவளுக்கு வரிவரியாக நினைவிருந்தது. உங்க கண்ணு இருபது வயசுப் பையன் கண்ணு மாதிரி இருக்கு என்று டாக்டர் சொன்னாராம். அப்படின்னா இருபது வயசுப் பொண்ணு பார்க்கலாமா என்று இவன் கேட்டானாம். ஜோகூரில் வேலை செய்யும் மகன் யுகேந்திரனுக்குப் போன் போட்டு இதைச் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தவள் அவள்தான்.

பொய் சொன்னதைவிட, அந்தப் பொய்யைத் தான் சிரித்துக்கொண்டே மகனிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

வீட்டில் தர்மா டிவி முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான். விரல்களே வேலை செய்தன. கண் பூண்டிலும் இல்லை, டிவியிலும் இல்லை.

"போன தடவை டாக்டரு என்னா சொன்னாரு?" என்றாள்.

"அதான் சொன்னேனே. இருபது வயசுக் கண்ணு."

அவள் சோற்றைப் போட்டாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும், அதை நம்பிவிடவும் தனக்கு ஆசை வரும் என்று பயந்தாள்.

வெள்ளிக்கிழமை. மேட்டில் லோரியை நிறுத்தி ரிவர்ஸ் கியரைப் போட்டாள். தர்மா இறங்கிப் பின்னால் போனான்.

"வா."

அவள் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை.

"வா, வா."

எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. காதில் விழவில்லை என்று நினைத்து, அவன் லோரியின் பின்பக்கத்தைத் தட்டி இன்னும் சத்தமாகக் கூப்பிட்டான். பிறகு அவன் குரலும் நின்றது. கண்ணாடியில் அவன் வருவது தெரிந்தது. லோரியின் பக்கப் பலகையில் உள்ளங்கையை வைத்து, அதை எடுக்காமலே, தடவிக்கொண்டு வந்தான். எத்தனை நாளாக அப்படி வருகிறான்? சொந்த லோரி என்ற பாசத்தில் தடவுகிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"என்னா, கியரு விழலையா?" என்று கதவருகில் நின்று கேட்டான்.

அவள் எஞ்சினை அணைத்தாள்.

"கொட்டகைக் கதவு திறந்திருக்கா, மூடியிருக்கா, சொல்லுங்க."

அவன் கொட்டகைப் பக்கம் திரும்பினான். தலையை வலப்புறம் சாய்த்தான், இடப்புறம் சாய்த்தான்.

"திறந்திருக்கும்" என்றான். "இந்நேரத்துக்குத் திறந்துதானே இருக்கும்."

"இருக்கும்னு நான் கேக்கல. இருக்கா?"

அவன் மறுபடி தலையைச் சாய்த்துக் கொட்டகைப் பக்கம் பார்த்தான். அவள் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இருளாயி சொல்லிருச்சா" என்றான் கடைசியில்.

"பேப்பரைத் திருப்பிக் குடுத்தாங்களாம்."

அவன் முகத்தில் சிரிப்பு போல ஏதோ வந்து போனது. "இடது கண்ணு போன தீபாவளிக்கே போயிருச்சு. வலதுல நடுவுல நிழல் அடிக்குது. ஓரமா பார்த்தா தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க கெண்டீன்ல போய் உட்காந்தீங்க? நாலு படி ஏறினா டாக்டரு."

"ஏறினா எழுதிக் குடுத்துருவாங்க, இந்த ஆளு எந்த வேலைக்கும் ஆவமாட்டான்னு. லைசென்ஸு போச்சு, சாவியை உன்கிட்ட குடுத்தேன். இன்னும் என்னாத்தைக் குடுக்கறது புனிதா?"

அவள் கை கதவைத் திறக்கப் போனது. ஆனால் பாயும் சோற்றுப் பொட்டலமும் கண்முன்னே வந்தன.

"வாரத்துக்கு ரெண்டு தடவை எழுபதடி" என்றாள். "என் கண்ணைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போயிருக்கீங்க. உங்களுக்கும் கண்ணு இல்லாம."

"இல்ல. அப்படிச் சொல்லாத." அவன் கதவைப் பிடித்துக்கொண்டான். "தெரியாதப்ப நான் வான்னு சொன்னதில்ல. வாயை மூடிக்குவேன். நீ நின்னுருவ. நான் போய்ச் சக்கரத்தைத் தொட்டு, தகட்டு ஓரத்தைக் காலால தடவிப் பார்த்துட்டு வந்துதான் மறுபடி கூப்பிடுவேன். அதான் லேட்டாச்சு. அதுக்குத்தான் நீ ஏசுன."

பாட்டில் பாதி மறந்ததுபோல் நின்ற அந்த நேரங்களெல்லாம் அவளுக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தன. அந்த மௌனம் ஒவ்வொன்றிலும் அவன் குனிந்து, சேற்றில் கை வைத்து, அவளுக்காக ஒரு சாணை அளந்துகொண்டிருந்திருக்கிறான். வீட்டில் மூன்று தடவை வாய் கூசாமல் பொய் சொன்ன மனிதன், லோரிக்குப் பின்னால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையா? ஒரே ஆளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நம்பி ஒரு பாதியை விட்டுவிட முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"செவ்வாக்கிழமை?" என்றாள்.

தர்மா கீழே பார்த்தான். "அன்னிக்குச் சொல்லிட்டேன். பின்னாடி ஹாரன் அடிச்சான். வர்ற வழியில நீ வேற லேட்டு லேட்டுன்னு. இடம் இருக்கும்னு நெனைச்சேன்."

"இருக்கும்னு."

"ஆமா."

அதற்குள் தீபன் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டான். "என்னாக்கா, எஞ்சின் மக்கர் பண்ணுதா?"

"இல்ல தம்பி. இன்னிக்கு நீ கொஞ்சம் பின்னாடி நின்னு சொல்லு."

தீபன் தர்மாவைப் பார்த்தான். தர்மா தலையசைத்தான். "சொல்லு தம்பி. குரலை விடாம சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதையோரம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவனைத் தாண்டித்தான் லோரி போக வேண்டியிருந்தது. புனிதா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தீபனுக்கு இரண்டு கண்ணும் நல்ல கண். வா வா வா என்று உற்சாகமாகச் சொன்னான். பாதிப் பாலத்தில் யாரோ கூப்பிட, கொட்டகைப் பக்கம் திரும்பிக் கூடை எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டே இங்கே கையை ஆட்டி 'வா வா' என்றான். கண்ணாடியில் அதைப் பார்த்த புனிதாவுக்கு முதுகு வேர்த்துப்போனது. பிரேக்கை மிதித்தாள். அவன் திரும்பிப் பார்த்த பிறகுதான் காலை எடுத்தாள். லோரி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

ஈப்போ திரும்பும் வழியில் மிளகாய் வடை வாங்க வழக்கமாக நிற்கும் இடத்தில்கூட நிற்கவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் அவனை இறக்கிவிட்டுப் போகாமல் லோரியை வெளியே நிறுத்திவிட்டு அவளும் உள்ளே போனாள். நம்பர் அவள்தான் எடுத்தாள். சின்ன வயது டாக்டரம்மா மருந்து ஊற்றி, விளக்கடித்து, நிறைய நேரம் பார்த்தார். இடது கண் திரும்பாது என்றார். வலது கண்ணுக்கு லேசர் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், மூன்று தடவையாவது வர வேண்டும், இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் அதுவும் கஷ்டம் என்றார். பிறகு என்ன வேலை என்று கேட்டார்.

தர்மா புனிதா இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"லோரி கெலிண்டான்" என்றாள் அவள்.

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: ஒரு கண்ணில் தூரக் கணக்கு சரியாகப் பிடிபடாது. கிட்ட இருப்பது எட்ட இருப்பதுபோல் தெரியும். பார்த்து நடந்துகொள்ள வேண்டும். வேலை செய்யக்கூடாது என்று எழுதவில்லை. அதை முடிவு செய்யும் பொறுப்பு தன் மடியில் வந்து விழுந்துவிட்டதைப் புனிதா உணர்ந்தாள்.

மறுநாள் தோட்டத்துக்குப் போகும் முன் ஈப்போவில் ஒரு பட்டறையில் நிறுத்திப் பின் கேமரா பொருத்தச் சொன்னாள். மற்ற லோரிகளில் எல்லாம் எப்போதோ வந்துவிட்டது. இவர்களுக்குத்தான் தேவைப்படாமல் இருந்தது. சின்னத் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள் தெரிந்தன. தர்மா அதன் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான்.

"நல்ல ஆளுதான். டீ கேக்காது, இனிப்பு நீரும் வராது" என்றான். சற்று நேரம் கழித்து, "நான் இன்னிக்கு வீட்டுல இறங்கிக்கட்டுமா?" என்றான்.

இறங்கிக்கொள்ளச் சொன்னால் தப்பில்லை. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால், தெரியாதபோது வாயை மூடிக்கொள்கிற ஆள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தாள். அவனே ஒரு தடவை மூடவில்லை என்பதையும் நினைத்தாள். இரண்டும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் போலிருந்தது.

"கூடையை யாரு ஏத்தறது, கேமராவா?" என்றாள். "வாங்க. ஆனா இனிமே வா கிடையாது. இருக்குன்னு தெரிஞ்சா இருக்குன்னு சொல்லுங்க. இல்லைன்னா இல்ல. தெரியலைன்னா தெரியலைன்னு வாயைத் திறந்து சொல்லணும். சும்மா நின்னுட்டு நீங்களே போய்த் தடவற வேலை வேணாம். இருக்கும்ங்கிற பேச்சு இந்த லோரியில வரவே கூடாது."

"ஆளுங்க முன்னாடியுமா?"

"ஆளுங்க முன்னாடியும்."

"அப்புறம்?"

"எனக்குக் கண்ணாடியில தெரியற பக்கமா நில்லுங்க. நீங்க தெரியலைன்னா நான் நகர மாட்டேன்."

அவன் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். அன்றும் அந்த வெள்ளியும் நல்ல வெளிச்சம். 'இருக்கு' தவிர வேறு சொல் தேவைப்படவில்லை.

முதல் லேசர் முடிந்து மூன்றாவது வாரம். பீடோரில் மழை தூறிக்கொண்டிருந்தது. இவர்களுக்குப் பின்னால் இன்னொரு லோரி காத்திருந்தது. கொட்டகை வாசலில் தீபனும் ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். புனிதா கோஸ்தான் போட்டாள்.

"இருக்கு. இருக்கு. இருக்கு." மழைச் சத்தத்தின் மேலே அவன் குரல் சீராக வந்தது. பின்சக்கரம் தகட்டில் ஏறியது. "இருக்கு. இருக்கு."

குரல் நின்றது. அவள் பிரேக்கை மிதித்தாள். காத்திருந்த லோரிக்காரன் ஹாரன் அடித்தான். கண்ணாடியில் தர்மா தெரிந்தான். நனைந்த சட்டையோடு, கழுத்தைச் சாய்த்து, தகட்டின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகை ஆட்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது ஹாரனும் வந்தது.

"தெரியல" என்றான் தர்மா.

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னான்.

திரையில் பச்சைக் கோடு காலியான இடத்தின்மேல் விழுந்திருந்தது. போகலாம் என்றது அது. புனிதா கைப் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினாள். மழையில் நடந்துபோய் அவன் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தாள். சக்கரத்துக்கு வெளியே தகடு ஒரு சாணுக்கு மேலேயே மிச்சமிருந்தது.

"இருக்கு" என்றாள்.

"இருக்கா, இருக்குமா?"

"இருக்குங்க. நானே பார்த்துட்டேன்."

அவன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான். அவள் திரும்பிப் போய் ஏறி, கைப் பிரேக்கை விடுவித்து, அவன் கூப்பிடும் வரை அப்படியே காத்திருந்தாள்.